காலை 8.47க்கு அடித்த லாங் பெல்: டிஎஸ்3231 கடிகார மாட்யூல், இரண்டரை வருட அனுபவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 180 ரூபாய், கூரியர் 60. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை, கரண்ட் போனாலும் நேரத்தை மறக்காத கடிகாரம். அதன்மேல் பற்றவைத்த பட்டன் செல், ஓரத்தில் ஐந்து துளையுள்ள கறுப்பு சாக்கெட். இதற்குப் போய் இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா என்று கேட்பீர்கள். இதை வாங்குவதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் பல வருடமாக மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான். அதை அடித்துவந்த அண்ணன் கையில் எச்எம்டி வாட்ச் கட்டியிருப்பார். தினமும் காலை 6.40 ரேடியோ செய்திக்கு அதைச் சரிபார்த்துச் சாவி கொடுத்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போவார். அவர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "கம்ப்யூட்டர்ல பண்ண முடியாதா சார்?" என்று ஹெச்.எம். அம்மா கேட்டார். முடியும் என்று சொன்னேன். அங்கே ஆரம்பித்தது.

லேப் பீரோவில் ராஸ்பெர்ரி பை 3 என்கிற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. கம்ப்யூட்டர் சொன்னால் போட்டு அணைக்கும் ஸ்விட்சாக ஒரு ரிலே, ஒரு எலெக்ட்ரிக் பெல், குறித்த நேரத்தில் வேலையைச் செய்யும் கிரான் என்கிற மென்பொருளில் பீரியட் நேரங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. 2022 ஜூனில் பள்ளி திறந்த நாளிலிருந்து மணி ஒழுங்காக அடித்தது. ஸ்டாஃப் ரூமில் எனக்குத் தனி டீ வந்தது.

அக்டோபர் மழையில் ஸ்டோர் ரூம் ஸ்விட்ச் போர்டில் பொறி பறந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் பள்ளி விட்டதும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வாட்ச்மேன் அண்ணன் கேட்டைப் பூட்டவேண்டும் என்று உத்தரவு. நியாயமான உத்தரவுதான். மறுநாள் காலை 8.43க்கு அவர் மெயினைப் போட்டார். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. 8.47க்கு லாங் பெல் அடித்தது. சாயங்காலம் 4.20க்கு அடிக்கவேண்டிய லாங் பெல்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும், பையைத் தூக்கிவிட்டார்கள். கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பொடிசுகள் என்னமோ லீவு விட்டுவிட்டார்கள் என்று அப்படியே திரும்பிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரை ஆட்டோ ஸ்டாண்டுவரை போய்த்தான் பிடித்துவந்தோம். ஹெச்.எம். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேப்பமரத்தைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாள் அடிக்கவில்லை. அடுத்த நாள் மறுபடி அடித்தது. இந்த ஒழுங்கில்லாமைதான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு நாளும் தப்பு நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். விட்டு விட்டு நடந்தால் பேய் பிடித்ததுபோல இருக்கும். கடைசியில் துப்பு கொடுத்தவர் வாட்ச்மேன் அண்ணன். "சார், வாலிபால் பிராக்டிஸ் இருக்கிற அன்னிக்கு மறுநாள் காலைல இந்த மணி அடிக்கறதில்ல, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை. வாலிபால் நாளில் கிரவுண்டு லைட்டுக்காக மெயின் 5.30 வரை போட்டிருப்பார்கள். மற்ற நாளில் 4.45க்கே அணைத்துவிடுவார்.

இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு பட்டன் செல் இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் அது உள்ளே ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் ரியல் டைம் கிளாக், சுருக்கமாக ஆர்டிசி என்கிறார்கள். ராஸ்பெர்ரி பையில் 4 வரைக்கும் இது கிடையாது. விலையைக் குறைக்க விட்டுவிட்டார்கள். கரண்ட் போனால் அதற்கு நாள் தெரியாது, கிழமை தெரியாது. அதைச் சமாளிக்க ஒரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அதன் பெயரே ஃபேக் எச்டபிள்யூகிளாக், அதாவது பொய்க் கடிகாரம். ஒளிவுமறைவே இல்லை. அது மணிக்கொருமுறை அப்போதைய நேரத்தை எஸ்டி கார்டில் எழுதிவைக்கும். திரும்ப உயிர்பெறும்போது அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். நெட் கிடைத்தபின் சரியான நேரம் வந்துவிடும் என்பது கணக்கு.

அந்த மணிக்கொருமுறை என்பது, பையில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனின் வழக்கப்படி ஒவ்வொரு மணியிலும் 17ஆம் நிமிடம். இப்போது கணக்குப் போடுங்கள். சாயங்காலம் 4.45க்கு மெயின் போனால் கார்டில் கடைசியாக எழுதியிருப்பது 4.17. மறுநாள் காலை 8.43க்கு எழுந்திருக்கும் பைக்கு அது நேற்றுச் சாயங்காலம் 4.17. மூன்று நிமிடம் போனால் 4.20, லாங் பெல். எங்கள் மோடம் விளக்கெல்லாம் எரிந்து நெட் கிடைக்க நாலு நிமிடம். ஒரு நிமிடத்தில் தோற்றுப்போகிறேன். வாலிபால் நாளில் 5.30க்கு அணைத்தால் கார்டில் 5.17 இருக்கும். அதற்கு மேல் அடிக்க மணி எதுவும் இல்லை, ஆகவே காலையில் அமைதி. பேய் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி முறையில் எந்தக் குறையும் இல்லை. 1985லேயே டேவிட் மில்ஸ் வரையறுத்த முறை அது, இன்றைக்கும் உலகமே அதில்தான் ஓடுகிறது. நான் க்ரோனி என்கிற மென்பொருளைப் போட்டு, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரைக் கொடுத்திருந்தேன். இந்திய நேரத்தைக் காப்பவர்களே அவர்கள்தான். நெட் வந்துவிட்டால் மில்லி விநாடி சுத்தமாக நேரம் வரும். சிக்கல் எல்லாம் நெட் வருவதற்கு முந்தைய அந்த நாலு நிமிடத்தில்தான். "நேரம் சரியில்லை" என்று தேடிப் போனால் கிடைக்கும் யோசனைகளில் முக்கால்வாசி, சர்வரை மாற்று, இன்னொரு சர்வரைச் சேர் என்பவைதான். அதெல்லாம் ஐந்தாவது நிமிடத்துக்கான மருந்து.

மாட்யூல் வாங்காமலே சமாளிக்கலாம் என்று நானும் பார்த்தேன். நேரம் சரியாகும்வரை காத்திரு என்று சொல்ல க்ரோனியிலேயே வெயிட்சின்க் என்று ஒரு கட்டளை உண்டு. அது முடிந்த பிறகுதான் கிரான் ஆரம்பிக்கவேண்டும் என்று கட்டிவைத்தேன். காலையில் பொய் மணி நின்றது. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைத் தோண்டியதில் நெட் கேபிள் அறுந்தது. நெட் இல்லை, ஆகவே நேரம் சரியாகவில்லை, ஆகவே கிரான் ஆரம்பிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க மணியே அடிக்கவில்லை. முதல் பீரியட் கணக்கு டீச்சர் ஒன்றே கால் மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

பொய் மணியா, மணியே இல்லையா என்ற நிலையில் காத்திருக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். லாங் பெல்லை மட்டும் காலையில் அடிக்காதபடி வேறு ஒட்டுப்போட்டேன். அதற்கும் ஒரு வாரத்தில் பதில் கிடைத்தது. ஒருநாள் 11.25க்குக் கரண்ட் போய் 12.30க்கு வந்தது. இடையில் வாட்ச்மேன் அண்ணனே தண்டவாளத்தை அடித்துச் சமாளித்துவிட்டார். 12.20 சாப்பாட்டு மணி முடிந்து பிள்ளைகள் சத்துணவு வரிசையில் நிற்கிறார்கள். 12.34க்கு நெட் வந்தது. க்ரோனி நேரத்தை 11.21லிருந்து ஒரே தாவாக 12.34க்குத் தள்ளியது. டெபியனின் கிரானுக்கு ஒரு குணம் உண்டு. கடிகாரம் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக முன்னால் குதித்தால், இடையில் விட்டுப்போன வேலைகளை எல்லாம் உட்கார்ந்து செய்து முடிக்கும். பொறுப்பான பிள்ளை. 11.40 மணியையும் 12.20 மணியையும் பத்து விநாடி இடைவெளியில் அடித்துத் தீர்த்தது. இரண்டு மணி கேட்டதும் பாதிப் பிள்ளைகள் தட்டோடு வகுப்புக்கு ஓடினார்கள். முட்டை போடுகிற நாள் வேறு.

அன்று சாயங்காலம்தான் கடிகாரம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது இப்போது நான் மெச்சப்போகும் பொருள் அல்ல. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் 70 ரூபாய்க்கு டிஎஸ்1307 பலகை ஒன்று வாங்கிவந்தேன். பழைய சிப், வேலை செய்யாமல் இல்லை. ஆனால் அது 5 வோல்ட்டில் ஓடுவது. பையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்த 5 வோல்ட்டை ஊசிகள்வரை கொண்டுவந்துவிடும் இரண்டு புல்லப் ரெசிஸ்டர்களைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மாட்டவேண்டும். அரிசியைவிடச் சின்ன ரெசிஸ்டர். நான் சால்டரிங் இரும்பை வைத்து எடுத்தேன், கூடவே பக்கத்துச் செப்புத் தடமும் கொஞ்சம் வந்தது. தப்பித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்தது டிஎஸ்3231 சிப் உள்ள நீலப் பலகை, இசட்எஸ்-042 என்று அச்சிட்டிருக்கும். ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் வாங்காதீர்கள். பலகையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று ஒன்று இருக்கிறது, ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும். அது எல்ஐஆர்2032 என்கிற திரும்பச் சார்ஜ் ஏறும் செல்லுக்காக வைத்தது. நம் ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கொடுப்பது சிஆர்2032, சார்ஜ் ஏற்றக் கூடாத செல். அதைப் போட்டு 5 வோல்ட்டில் இணைத்தால் செல் உப்பிவிடும், வெடிக்கவும் செய்யலாம். பையில் 3.3 வோல்ட் ஊசியில் இணைத்தால் டயோடைத் தாண்டி 2.7 வோல்ட் அளவுக்குத்தான் போகும், ஆகவே சிஆர்2032 போட்டாலும் ஆபத்து இல்லை. ஆர்டுயினோ என்கிற இன்னொரு வகைக் குட்டிப் பலகையில் 5 வோல்ட்டில் மாட்டுகிறவர்கள் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள். என்னுடையது அஞ்சறைப்பெட்டி மாதிரி அகலமாக இருந்ததாலும், நாலு ஒயர் இழுக்கவேண்டியிருந்ததாலும் அதை லேப் பிள்ளைகளின் ஆர்டுயினோ பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டேன். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான்.

மூன்றாவதாக வந்ததுதான் இந்த 180 ரூபாய்க் குட்டி. சிப் அதே டிஎஸ்3231தான், ஆனால் பைக்கென்றே செய்தது. ஒயர் வேண்டாம், சால்டர் வேண்டாம், ஊசிகளின் மேல் அமுக்கினால் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சிப்பின் சிறப்பைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடிகாரத்துக்குள் இருப்பது விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் படிகம். 25 டிகிரி பக்கத்தில் அது சமர்த்தாக ஓடும். சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் மெதுவாகும். எங்கள் பை இருப்பது இரும்புப் பீரோவுக்குள், அதுவும் மேற்குச் சுவரை ஒட்டி. டிஎஸ்3231 தன் வெப்பத்தைத் தானே 64 விநாடிக்கு ஒருமுறை அளந்து, படிகத்தின் ஓட்டத்தை அதற்குத் தக்கபடி திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் பிசகாது என்று தயாரிப்பாளர் உத்தரவாதம். வருடம் முழுக்க நெட்டே இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம்தான் தள்ளிப்போகும். அது அளந்த வெப்பத்தை நாமும் படிக்கலாம். ஏப்ரல் மாதம் மத்தியானம் ஒருநாள் பார்த்தேன், 41.25. மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் அந்த எண்ணைக் காட்டித்தான் லேபுக்கு இரண்டாவது ஃபேன் வாங்கினேன். 180 ரூபாயில் அதுவும் ஒரு வரவு.

மாட்டும் முறையைப் பற்றி. தட்டச்சு செய்யவேண்டிய வரிகள் தேடினாலே கிடைக்கும், நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன். துளை ஐந்து, பையில் ஊசி நாற்பது. எஸ்டி கார்டு இருக்கும் பக்கத்து மூலையில், உள்வரிசையில், முதல் ஐந்து ஊசி. அவசரத்தில் வெளிவரிசையில் அமுக்கிவிட்டு, ஏன் தெரியவில்லை என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாக எதுவும் கருகவில்லை. சரியாக மாட்டி, பையும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் வழியான ஐடூசியை இயக்கிவிட்டுத் தேடினால் கட்டங்களுக்கு நடுவே 68 என்று ஒரு எண் முளைக்கும், அதுதான் மாட்யூலின் முகவரி. அந்த 68ஐப் பார்த்தபோது வந்த சந்தோஷம், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் என் நம்பரைப் பார்த்தபோது வந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. பூட் கான்ஃபிக் கோப்பில் ஆர்டிசிக்கான வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி இயக்கினால் 68 மறைந்து யுயு என்று வரும். பயப்படாதீர்கள், லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அடுத்த இடறல், பொய்க் கடிகாரத்தைக் கழற்ற மறந்தது. இரண்டு கடிகாரமும் இருந்தால் எது கடைசியாகப் பேசுகிறதோ அதன் பேச்சு நிற்கும். அதை நீக்கிவிடுங்கள். மாட்யூலின் நேரத்தைப் பைக்கு எடுத்துக்கொடுக்க எச்டபிள்யூகிளாக் செட் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டும் இருக்கிறது. அதன் தொடக்கத்தில், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியே போ என்று மூன்று வரி இருக்கும். அந்த வரிகளின் முன்னால் மட்டும் # குறி போட்டுச் செயலிழக்கச் செய்யவேண்டும். இதைச் செய்யாமல், மாட்யூல் கெட்டுப்போனது என்று விற்றவருக்கு நான் ஒரு கோபமான மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் மன்னிப்பும் அனுப்பினேன்.

மூன்றாவது இடறல்தான் வெட்கக்கேடு. கடிகாரத்தில் நேரத்தை எழுதும் கட்டளையை நெட் வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். பையில் அப்போதிருந்தது முந்தைய நாள் நேரம். மாட்யூல் அதை வாங்கி அட்சரம் பிசகாமல் காப்பாற்றியது. மறுநாள் காலை மறுபடி ஒரு தப்பு மணி. சரியான நேரம் வந்துவிட்டதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதன்பிறகு அதைத் தொடவேண்டியதில்லை. க்ரோனியில் ஆர்டிசிசின்க் என்ற ஒரே வார்த்தை இருந்தால் போதும். நெட் இருக்கும்போதெல்லாம் கர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தை மாட்யூலில் எழுதிவைத்துவிடும்.

இப்போது காலையில் நடப்பது இதுதான். 8.43க்கு மெயின் போடுகிறார்கள். பை எழுந்திருக்கும்போதே 8.43 என்று தெரிந்துகொண்டு எழுகிறது. மோடம் தன் நாலு நிமிடத்தை எடுத்துக்கொள்ளட்டும், யாருக்கும் கவலையில்லை. க்ரோனி வந்து பார்க்கும்போது திருத்துவதற்கு அரை விநாடிகூட இருக்காது.

உண்மையான சோதனை 2023 கோடை விடுமுறையில். பள்ளி மூடிய நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனேன். டிஎஸ்1307 பலகையையும் அன்றைக்கே நேரம் சரிசெய்து பக்கத்திலேயே வைத்தேன். இரண்டுக்கும் 68 என்ற ஒரே முகவரி, சேர்த்து மாட்டினால் அடித்துக்கொள்ளும், அதனால் ஒன்றைப் பையிலும் மற்றதைப் பீரோவிலும் விட்டேன். 44 நாள் கழித்து வந்து, நெட் நேரத்தோடு ஒப்பிட்டேன். டிஎஸ்1307 ஒரு நிமிடம் 38 விநாடி பிந்தியிருந்தது. டிஎஸ்3231 நாலு விநாடி. வெயிலில் 44 நாள் ஒரு குண்டுமணி பேட்டரியில் ஓடி நாலே விநாடி. நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தமிழாசிரியர் மட்டும் "பலே" என்றார்.

மணியடிக்க ஒன்றரை நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டால், இல்லைதான். 70 ரூபாய்ப் பலகையே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். ஆனால் ரெசிஸ்டர் கழற்றும் வேலையையும் நான் இழந்த செப்புத் தடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 110 ரூபாய் கூடுதல் ஒன்றுமே இல்லை.

குறைகளும் உண்டு. செல்லைப் பலகையில் பற்றவைத்திருக்கிறார்கள். தீர்ந்துபோனால் கழற்றி மாற்ற முடியாது, சால்டர் தெரிந்தவர் வேண்டும், இல்லையென்றால் மாட்யூலையே மாற்றவேண்டும். மாட்டிய தேதியை மார்க்கரால் டப்பாவின் மேல் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்தது, இதை மாட்டினால் பக்கத்து வரிசையில் ரிலேவுக்குப் போகும் ஒயர்கள் நெருக்கியடிக்கின்றன, டப்பாவின் மூடி மூடவில்லை. கத்தியைச் சூடுபண்ணி மூடியில் ஜன்னல் வெட்டினேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டாவது அனுப்பியிருக்கலாம், எந்த ஊசி எதற்கு என்று. பிளாஸ்டிக் பையில் சிப்ஸ் பாக்கெட் போல வந்தது. இன்னொன்று, எல்லா டிஎஸ்3231மும் ஒன்றல்ல. எஸ்என் என்று முடிவதில்தான் குவார்ட்ஸ் இருக்கிறது. வெறும் எம் என்று முடிவது வேறு வகை, அதன் பிசகு பத்து லட்சத்தில் ஐந்து வரை போகலாம். சயின்ஸ் லேபிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன், எனக்கு வந்தது எஸ்என். விற்பவர்கள் படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்புவது உண்டு, வந்ததும் பார்த்துவிடுங்கள்.

இது யாருக்குத் தேவையில்லை என்றும் சொல்லவேண்டும். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் ஆர்டிசி உள்ளேயே இருக்கிறது. பேட்டரிக்குத் தனியாக ஒரு குட்டிச் சாக்கெட் உண்டு, பேட்டரி மட்டும் வாங்கி மாட்டவேண்டும். நிறுவனமே விற்பது திரும்பச் சார்ஜ் ஏறும் வகை. ஆனால் சார்ஜ் ஏற்றும் வசதி முதலில் அணைந்திருக்கும், கான்ஃபிக்கில் நாம்தான் இயக்கவேண்டும். யுபிஎஸ் இருந்து, கரண்டே போகாத இடத்தில் வைத்திருப்பவர்களுக்கும் இது அவசியமில்லை.

மாட்யூல் விஷயத்தில் கற்றுக்கொண்டது லேபுக்கும் உதவியது. எங்கள் மேசைக் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டில் ஐந்து, காலையில் போட்டதும் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்தி உள்ளே போனால் 2009 ஜனவரி 1 என்று காட்டும். "நெட் கெட்டுப்போச்சு சார், எந்த சைட்டும் திறக்கல" என்று டீச்சர்கள் வருவார்கள். நெட்டில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று இருக்கும். 2009இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் கதவைச் சாத்துகிறது. சரி, விண்டோஸில் நேரத்தை நெட்டிலிருந்து எடு என்று அழுத்தினால் அதுவும் பிகு பண்ணும். 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகத் திருத்தமாட்டேன் என்பது அதன் பழக்கம். கையால் தேதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மறுநாள் காலை மறுபடி 2009. சிமாஸ் பேட்டரி, அதாவது அதே சிஆர்2032, செத்துப்போனதுதான் காரணம். ஐந்து செல் வாங்கி மாற்றினேன், அந்தத் தொல்லை எல்லாமே தீர்ந்தது. இதற்கு முன்னால் வந்த சர்வீஸ் ஆள் ஒரு கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக்கொடுத்திருந்தார்.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு குழப்பம் வரும். மாற்றி மாற்றிப் போடும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி முன்னே பின்னே ஆடும். அதற்குப் பேட்டரி வாங்கி ஏமாறாதீர்கள். மதர்போர்டுக் கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. வித்தியாசம் ஐந்தரையாக இருந்தால் அமைப்பில் கோளாறு, வருடக் கணக்கில் இருந்தால் செல்லில் கோளாறு.

போன மாதம் தண்டவாளம் அடித்த அந்த அண்ணன் பென்ஷன் விஷயமாகக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். 12.20க்கு மணி அடித்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையை ஒதுக்கி, அந்தப் பழைய எச்எம்டியைப் பார்த்தார்.

"உங்க மணி அரை நிமிஷம் முந்துது தம்பி."

பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, 64 விநாடிக்கு ஒருமுறை திருத்தம், தில்லி சர்வர் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"சரிங்கண்ணே, பாத்துடறேன்" என்றேன்.